ஏரி இருக்கிறது, பெயர் மாறிவிட்டது: லேக் கார்டனும் பிராங்க் சுவெட்டன்ஹாமும்

கோலாலம்பூர் - ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு லேக் கார்டன் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ், பங்சார் பக்கத்திலிருந்து நடக்க வந்த நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்கள், கைத்தடியுடன் பாட்டிகள், காலணிக் கயிறு அவிழ்ந்தது தெரியாமல் ஓடும் பிள்ளைகள் என்று எல்லோரையும் பார்க்கலாம். நடந்து முடித்தபின் தோசைக்கு எந்தக் கடை என்ற பேச்சும் காதில் விழும்.

அந்தக் கூட்டத்தில் யாரையாவது நிறுத்தி, இந்த ஏரிக்கு முதலில் என்ன பெயர் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நானும் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் மான்களைப் பார்க்க இங்கே பேருந்தில் வந்தவள்தான். எனக்கும் தெரியாது. நமக்கு இது லேக் கார்டன். அரசாங்கத்துக்கு இப்போது பெர்டானா தாவரவியல் பூங்கா. ஆனால், 1889-ஆம் ஆண்டில் இந்த நீர்ப்பரப்புக்கு வைக்கப்பட்ட பெயர் சிட்னி ஏரி.

சிட்னி என்றதும் ஆஸ்திரேலிய நகரம் நினைவுக்கு வரும். இது ஒரு பெண்ணின் பெயர். அப்போது சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாமின் மனைவி அவர். இந்தப் பூங்காவின் கதை அந்த மனிதரின் வாழ்க்கைக் கதையோடு பிணைந்தது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் அந்தக் கதையில் இடம் உண்டு.

சிங்கப்பூர் வந்த இளைஞர்

பிராங்க் அதெல்ஸ்டேன் சுவெட்டன்ஹாம் 1850-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள பெல்ப்பர் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வழக்குரைஞர். ஸ்காட்லாந்திலும் யார்க் நகரிலும் பள்ளிப் படிப்பு. பிறகு நீரிணைக் குடியேற்றங்களின் அரசுப் பணிக்குத் தேர்வெழுதித் தேறினார். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றைக் கொண்ட பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்குத்தான் அப்போது நீரிணைக் குடியேற்றங்கள் என்று பெயர்.

1871-இல் சிங்கப்பூரில் கால் வைத்தபோது அவருக்கு வயது இருபது. வந்தவுடன் மலாய் மொழியைக் கற்கத் தொடங்கி, விரைவில் அதில் நல்ல தேர்ச்சி பெற்றார். அந்த மொழித் திறமைதான் அவரை மேலே தூக்கிவிட்டது. 1874 ஜனவரியில் பங்கோரில் பேராக் தலைவர்களோடு பிரிட்டிஷார் ஒப்பந்தம் செய்தபோது, மலாய் தெரிந்த அதிகாரியாக அவர் உடனிருந்தார். அந்த ஒப்பந்தத்திலிருந்துதான் ரெசிடெண்ட் முறை பிறந்தது. சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வந்து உட்காருவார். சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்லே நடக்கும். பெயர் ஆலோசனை, நடந்தது ஆட்சி.

அதே 1874-இல் சுவெட்டன்ஹாம் சிலாங்கூரின் லங்காட்டில் துணை ரெசிடெண்ட் ஆனார். அங்கே சுல்தான் அப்துல் சமாட் இருந்தார். இன்று மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே நிற்கும் கட்டடம் தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். இருபத்து நான்கு வயது ஆங்கிலேயருக்கும் முதிர்ந்த சுல்தானுக்கும் நல்ல உறவு அமைந்தது. மலாய் மக்களின் பேச்சு, பழக்கம், அரண்மனை நடைமுறை எல்லாம் அவருக்கு அத்துப்படியானது அங்கேதான்.

ஆற்றில் தப்பிய இரவு

மறு ஆண்டு அவருடைய வாழ்க்கை முடிந்துபோயிருக்க வேண்டியது. 1875 நவம்பர் 2-ஆம் நாள் பேராக்கின் முதல் ரெசிடெண்ட் பர்ச், பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். சுல்தானின் அதிகாரத்தைப் பிடுங்கும் அறிவிப்புகளை ஊர் ஊராக ஒட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அதே வேலையாக சுவெட்டன்ஹாம் பேராக் ஆற்றின் மேற்பகுதிக்குப் போயிருந்தார். திரும்பும் வழியில் செய்தி தெரிந்தது. இரவில் படகில், பாசிர் சாலாக் கரையைக் கடந்து தப்பினார்.

பர்ச் கொலை என்று பாடநூலில் படித்த நமக்கு மகாராஜா லேலாவின் பெயர் நினைவில் இருக்கும். மண்ணின் உரிமைக்காக எதிர்த்தவர் என்று நாடு அவரை இன்று போற்றுகிறது. சுவெட்டன்ஹாம் எதிர்க்கரையில் நின்றவர். இதைச் சொல்லாமல் அவர் அமைத்த பூங்காவை மட்டும் பேசினால் கதை பாதியாகிவிடும்.

எரிந்த ஊரும் செங்கல் ஊரும்

1882-இல் சுவெட்டன்ஹாம் சிலாங்கூரின் ரெசிடெண்ட் ஆனார். அவர் கைக்கு வந்த கோலாலம்பூர் பார்க்கும்படியான ஊராக இல்லை. ஈயத்தால் பணம் வந்தது. ஆனால், மரப்பலகையும் அத்தாப்புக் கூரையுமாக வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. தெருவில் குப்பை, ஆற்றில் அழுக்கு. 1881 ஜனவரியில் மூண்ட தீயில் ஊர் எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து மிஞ்சியதையும் அடித்துப்போனது. சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து இங்கு மாறி அப்போது ஓரிரு ஆண்டுதான் ஆகியிருந்தது.

சுவெட்டன்ஹாம் கட்டளையிட்டார்: இனிக் கட்டுகிற கட்டடம் செங்கல்லும் ஓடுமாக இருக்க வேண்டும். தெருவை அகலமாக்க வேண்டும். சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் ஊரின் தெற்கே செங்கல் சூளை அமைத்தார். ஊருக்கு வேண்டிய செங்கல்லும் ஓடும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தன. செங்கல் சூளைகள் நிறைந்திருந்த அந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்று நாம் பூ வாங்கவும் புடவை வாங்கவும் போகும் இடத்தின் பெயருக்குள் எரிந்துபோன ஒரு ஊர் மீண்டு எழுந்த கதை ஒளிந்திருக்கிறது.

அடுத்தது ரயில். ஈயத்தைக் கிள்ளான் ஆற்றில் படகு மூலம் இறக்கினால் நாள் கணக்கில் ஆகும். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்துக்கு ரயில் ஓடியது. முதலில் கிள்ளான் ஆற்றின் இக்கரையில் உள்ள புக்கிட் கூடா வரைதான் தண்டவாளம். பாலம் கட்டிய பிறகு கிள்ளான் நகருக்குள் ரயில் நுழைந்தது. இந்த ரயில்வேயும் சாலைப் பணிகளும்தான் தமிழர்களைப் பெருமளவில் இங்கே இழுத்தன. தமிழகத்திலிருந்து கூலியாட்களாக வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தார்கள். பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் இந்த இரு தரப்பினரின் பிள்ளைகளும் சேர்ந்து வளர்ந்தார்கள்.

அந்தக் காலத்துக் கோலாலம்பூரில் நம்மவர் ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த புள்ளியாக இருந்தார். சிங்கப்பூரில் பிறந்த தம்புசாமி பிள்ளை. சிலாங்கூர் கருவூலத்தில் தலைமை எழுத்தராகப் பணியாற்றி, சில சமயம் கருவூல அதிகாரியின் பொறுப்பையும் பார்த்தவர். சுவெட்டன்ஹாம் ரெசிடெண்டாக இருந்தபோது, 1884-இல், சிலாங்கூர் கிளப் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால உறுப்பினர்களில் அவரும் ஒருவர். மகாமாரியம்மன் கோவிலோடும் பத்துமலையோடும் அவர் பெயர் இணைந்திருப்பதை நாம் அறிவோம். கருவூலத்தின் மேசை நாற்காலிக்கும் நம் சமூகத்துக்கும் தொடர்பு இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவின் யோசனையும் கருவூலத்திலிருந்துதான் வந்தது.

கருவூல அதிகாரியின் கனவு

அந்தக் கருவூலத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஏ.ஆர். வென்னிங். இலங்கையில் காப்பித் தோட்டக்காரராக இருந்து மலாயாவுக்கு வந்தவர். இலங்கையில் இலைநோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்ததும், அங்கிருந்த தோட்டக்காரர்கள் பலர் பிழைப்புத் தேடி வேறு நாடுகளுக்குப் போனார்கள். வென்னிங் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாலும் மண்ணையும் செடியையும் விடவில்லை.

1888-இல் வென்னிங் சுவெட்டன்ஹாமிடம் ஒரு திட்டத்தை வைத்தார். ஊரின் மேற்கே, டாமன்சாரா சாலைப் பக்கம் உள்ள பள்ளத்தாக்கில் ஒரு தாவரவியல் தோட்டம் அமைக்கலாம். அங்கே ஓடும் பிராஸ் பிராஸ் என்ற சிற்றாற்றுக்குக் குறுக்கே கரை கட்டினால் ஏரி கிடைக்கும். சுற்றிலும் மேடு பள்ளமான நிலம். செடி வளர்த்துச் சோதித்துப் பார்க்கவும் ஆகும், மக்கள் காற்று வாங்கவும் ஆகும்.

தீயும் வெள்ளமும் நோயும் அடித்துப் போட்ட ஒரு சுரங்க ஊருக்குப் பூங்கா எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். சுவெட்டன்ஹாம் கேட்கவில்லை. பணம் ஒதுக்கினார், 173 ஏக்கர் நிலத்தையும் கொடுத்தார். கணக்கில் 70 ஹெக்டர். அன்றைய சிறு ஊருக்கு அது மிகப் பெரிய பரப்பு.

மலாயாவில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. தைப்பிங்கில், கைவிடப்பட்ட ஈய லம்பங்களின் குட்டைகளை ஏரிப் பூங்காவாக மாற்றும் வேலை 1880-களின் தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. ஆனால், தைப்பிங்கில் குட்டைகள் ஏற்கெனவே இருந்தன. கோலாலம்பூரில் இருந்தது லாலாங் புல்லும் புதரும் மூடிய பள்ளத்தாக்கு. புதரை வெட்டி, வேரைக் கிளப்பி, ஆற்றுக்குக் கரை போட்டு, பாதை அமைத்து, மரக்கன்று நட்டார்கள்.

வென்னிங்கின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சுவெட்டன்ஹாமின் பெயரும் இருக்கிறது. கொதிக்கும் வெயிலில் லாலாங் வேரைத் தோண்டிய கைகளுக்குரியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இந்த நாட்டின் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் பால்மரத் தோட்டத்துக்கும் பொருந்துவது பூங்காவுக்கும் பொருந்துகிறது.

சிட்னி என்ற பெண்

1889 மே மாதம் 13-ஆம் நாள் நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர் சர் செசில் கிளமெண்டி ஸ்மித் பூங்காவைத் திறந்து வைத்தார். ஏரிக்குச் சிட்னி ஏரி என்று பெயரிட்டார்கள்.

கான்ஸ்டன்ஸ் சிட்னி ஹோம்ஸை சுவெட்டன்ஹாம் 1878-இல் இங்கிலாந்தில் மணந்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஹாரோ பள்ளியில் ஆசிரியராக இருந்தவரின் மகள். இருபது வயதைத் தொட்டும் தொடாத பெண், கணவரோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தார். மணவாழ்க்கை நன்றாக அமையவில்லை. இருவரும் நீண்ட காலம் பிரிந்தே வாழ்ந்தார்கள். அவருக்கு மனநோயும் வந்தது. மனநோயைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசாத, சரியான மருத்துவமும் இல்லாத காலம் அது. கடைசியில் 1938-இல், திருமணமாகி அறுபது ஆண்டு கழித்து, மணமுறிவு ஏற்பட்டது. சுவெட்டன்ஹாமுக்கு அப்போது வயது எண்பத்தெட்டு. மறு ஆண்டே அவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார்.

ஏரிக்கு மனைவியின் பெயரை வைப்பது அன்றைய ஆட்சியாளர்களின் வழக்கமான மரியாதை. அதில் எவ்வளவு அன்பு இருந்தது என்று அளந்து பார்க்க முடியாது. ஆனால், ஏரிக்கரையில் கைகோத்து நடக்கும் ஜோடிகளைப் பார்க்கும்போது, இதே நீருக்குப் பெயர் கொடுத்த பெண்ணின் வாழ்க்கை எவ்வளவு தனிமையாக இருந்தது என்ற எண்ணம் வராமல் போகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூங்கா திறந்த அதே 1889-இல் சுவெட்டன்ஹாம் பேராக்கின் ரெசிடெண்டாக மாறிப் போனார். நட்ட கன்று நிழல் தரும்வரை அவர் இங்கே இருக்கவில்லை. பூங்காவைப் பேணும் வேலை வென்னிங்கிடமும் அவருக்குப் பின் வந்தவர்களிடமும் இருந்தது. 1890-இல் நகரின் குப்பை, சாக்கடை, சந்தை, தெருவிளக்கு எல்லாவற்றையும் கவனிக்கச் சுகாதார வாரியம் அமைந்தது. இன்றைய கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் முன்னோடி அதுதான். தொடக்க காலத்தில் அதன் தலைவராகவும் வென்னிங் இருந்தார்.

யாருக்கான பூங்கா?

பொதுப் பூங்கா என்றுதான் பெயர். ஆனால், அதைச் சுற்றி எழுந்த வாழ்க்கை எல்லாருக்கும் பொதுவாக இல்லை. சிலாங்கூர் கிளப்பில் தம்புசாமி பிள்ளை போன்ற ஆசியர்கள் சிலருக்காவது இடம் இருந்தது. அது பிடிக்காத, தங்களுக்கென்று தனி இடம் தேடிய ஐரோப்பியர்கள் 1890-இல் ஏரியின் பெயரிலேயே லேக் கிளப்பைத் தொடங்கினார்கள். வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம். ஏரியைச் சுற்றிய குன்றுகளில் உயர் அதிகாரிகளின் பங்களாக்கள் எழுந்தன. நம்மவர்கள் அந்தப் பக்கம் போனால் பெரும்பாலும் தோட்ட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ குதிரை வண்டி ஓட்டவோதான்.

1896-இல் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஐக்கிய மலாய் மாநிலங்களாக இணைந்தன. அந்த இணைப்புக்கு முன்னின்று உழைத்த சுவெட்டன்ஹாமே அதன் முதல் தலைமை ரெசிடெண்ட் ஆகி, கோலாலம்பூர் திரும்பினார். தலைநகரமும் கோலாலம்பூர்தான். ஏழு ஆண்டுகளில் கன்றுகள் மரமாகியிருந்தன. பூங்காவை ஒட்டிய குன்றில் தலைமை ரெசிடெண்டுக்கான மாளிகை எழுந்தது. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் சேம்பர்ஸின் கதைத் தொகுப்பில் வரும் ஒரு கற்பனை நகரத்தின் பெயரை அவர் அதற்கு வைத்தார். அதுதான் கார்கோசா.

அவருக்கு எழுத்தில் ஆர்வம் அதிகம். 1895-இல் மலாய் மக்களைப் பற்றிய சித்திரங்களை நூலாக்கினார். 1906-இல் பிரிட்டிஷ் மலாயா என்ற வரலாற்று நூலை வெளியிட்டார். நீர்வண்ண ஓவியமும் தீட்டுவார். மலாய் மாநிலங்களின் செல்வத்துக்குச் சீனர்களின் முயற்சியும் உழைப்பும் அடிப்படை என்று அந்நூலில் எழுதினார். எல்லாருடைய உழைப்பையும் கணக்கெடுக்கத் தெரிந்தவர்தான். ஆனால், ஆட்சியில் பங்கு என்று வரும்போது ஆங்கிலேயர் கையில்தான் எல்லாம் இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கூட்டமைப்பு வந்தபின் அதிகாரம் கோலாலம்பூரில் குவிந்தது. சுல்தான்களின் சொல்லுக்கு இருந்த மதிப்பு குறைந்தது. பேராக் சுல்தான் இட்ரிஸ் 1903-ஆம் ஆண்டு துர்பார் கூட்டத்திலேயே அதைப் பற்றி வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார்.

கிள்ளானில் ஒரு துறைமுகம்

1901-இல் அவர் நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர் ஆனார். பங்கோரில் மலாய் தெரிந்த இளம் அதிகாரியாக நின்றவர், இருபத்தேழு ஆண்டு கழித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அவர் பெயரையே தாங்கி போர்ட் சுவெட்டன்ஹாம் ஆனது. சதுப்பு நிலத்தை வெட்டிக் கட்டிய துறைமுகம். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா தாக்கியது. தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகப் படுத்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி, தேங்கிய நீரை வெளியேற்றி, கொசுவை ஒழிக்கச் சொன்னார். வேலை நடந்தது, நோய் குறைந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அறிவைக் கொண்டு ஓர் ஊரையே காப்பாற்றியதற்கான உலகின் தொடக்க கால எடுத்துக்காட்டுகளில் கிள்ளானும் ஒன்று.

பின்னாளில் இந்தத் துறைமுகத்தின் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்த நாட்டுக்குள் வந்தார்கள். நம் குடும்பங்களில் பலருக்குத் தாத்தாவின் கதை போர்ட் சுவெட்டன்ஹாமில்தான் தொடங்குகிறது. கப்பலை விட்டு இறங்கி, ரயில் ஏறி, பால்மரத் தோட்டத்துக்குப் போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்று தெரியாது. இறங்கிய இடத்தின் பெயர், அவ்வளவுதான்.

நீண்ட மாலை

1904-இல் சுவெட்டன்ஹாம் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அக்காலத்தின் பெரிய ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் அவரை வெள்ளை உடையில் தீட்டிய ஓவியம் சிங்கப்பூரில் இருக்கிறது. ரப்பர் நிறுவனங்களின் இயக்குநராக இருந்து நன்றாகச் சம்பாதித்தார்.

ஓய்வு பெற்றபின் மேலும் நாற்பத்து இரண்டு ஆண்டு வாழ்ந்தார். 1942-இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். தான் கட்டிய ஆட்சி எழுபது நாளில் சரிந்ததைத் தொண்ணூற்றோரு வயதில் பார்த்தார். அந்த ஆண்டுதான் தன் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். போர் முடிந்து மலாயன் யூனியன் திட்டம் வந்தபோது, சுல்தான்களின் உரிமையைப் பறிக்கிறது என்று அதை எதிர்த்த முன்னாள் அதிகாரிகளோடு அவரும் சேர்ந்துகொண்டார். சுல்தான்களின் அதிகாரம் சுருங்கக் காரணமாக இருந்தவரே கடைசியில் அவர்களுக்காகப் பேசினார். 1946 ஜூன் 11-ஆம் நாள் லண்டனில் காலமானார். வயது தொண்ணூற்றாறு.

பூங்கா நம் கைக்கு வந்தது

அடுத்த பதினோரு ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. அதில் இந்தப் பூங்காவுக்கும் பங்கு உண்டு. கார்கோசாவுக்குப் பக்கத்தில் இருந்த கிங்ஸ் ஹவுஸ் மாளிகையில்தான் 1957 ஆகஸ்டு 5-ஆம் நாள் மலாயாவின் விடுதலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று அந்த மாளிகை செரி நெகாரா.

அதற்குப் பிறகு பூங்காவைச் சுற்றிய நிலத்தின் முகமே மாறியது. 1963-இல் நாடாளுமன்றக் கட்டடமும் தேசிய அரும்பொருளகமும் எழுந்தன. 1965-இல் தேசியப் பள்ளிவாசல் முடிந்தது. 1966-இல் துகு நெகாரா திறக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் குடும்பத்தோடு வாழ்ந்த பூங்கா வீடு அவர் மறைந்தபின் நினைவில்லம் ஆனது. லேக் கிளப் வெள்ளையர் இடமாக இருந்த காலமும் மலையேறியது. அதிகாரிகளின் பள்ளத்தாக்கு நாட்டின் நெஞ்சுப் பகுதி ஆனது.

பெயர்களும் மாறின. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. சுவெட்டன்ஹாம் சாலை ஜாலான் மகாமேரு ஆனது. வென்னிங் சாலை ஜாலான் பெர்டானா ஆனது. 1975-இல் துன் ரசாக் பூங்காவுக்குத் தாமான் தாசிக் பெர்டானா என்று பெயர் சூட்டினார். சிட்னி என்ற பெயர் மறைந்தது. 2011-இல் அது பெர்டானா தாவரவியல் பூங்கா ஆனது. வென்னிங் முதலில் கேட்டதும் தாவரவியல் தோட்டம்தானே! நூற்று இருபத்து மூன்று ஆண்டு கழித்து அந்த மனுவுக்கு முழுப் பதில் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிறு போகிறவர்களுக்கு

இன்று பூங்காவின் பரப்பு 91.6 ஹெக்டர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து போகிறவர்கள் கேஎல் சென்ட்ரலிலிருந்து நடைபாலம் வழியாக முசியம் நெகாரா எம்ஆர்டி நிலையத்துக்கு வந்து, அரும்பொருளகத்தைத் தாண்டி நடக்கலாம்.  பறவைப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சுமார் 21 ஏக்கர் பரப்பில், பெரிய வலைக்கூரையின் கீழ் பறவைகள் தலைக்கு மேலே பறக்கும். இருவாச்சிகளைப் பக்கத்தில் பார்க்கலாம்.

மான் பூங்காவில் பிள்ளைகளுக்குச் சருகுமானைக் காட்டுங்கள். மலாய்க் கதைகளில் முதலையை ஏமாற்றி ஆற்றைக் கடக்கும் சாங் கஞ்சில் இதுதான். முயலளவே இருக்கும். செம்பருத்தித் தோட்டத்தில் பல நிறங்களில், பல இதழ் அடுக்குகளில் பூக்கள் இருக்கின்றன. நாட்டுக்கு அது பூங்கா ராயா, தேசிய மலர். நம் பாட்டிமார்களுக்கு அது எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கும் பூ, சாமிக்குச் சாத்தும் பூ. ஆர்க்கிட் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. மூலிகைத் தோட்டத்தில் நமக்குத் தெரிந்த இலைகளின் மலாய்ப் பெயரைப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்கலாம்.

ஏரிக்கரைக்கு வந்தால் பெரிய தூங்குமூஞ்சி மரங்களைப் பாருங்கள். தென் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட இனம் அது. மாலையானால் இலை மூடிக்கொள்ளும். ரப்பரும் அதே கண்டத்திலிருந்து வந்தது. நாமும் வேறு கரையிலிருந்து வந்தவர்கள்தான். வந்த மரங்கள் இந்த மண்ணில் வேரூன்றி நிழல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அவை வந்தவை என்று இன்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சுவெட்டன்ஹாமை நாம் எப்படி நினைவில் வைப்பது? இந்த நாட்டை ஆள வந்தவர். ஆட்சியைச் சுல்தான்களின் கையிலிருந்து தன் கைக்கு மாற்றியவர். அவர் காலத்து ஆட்சிதான் நம் முன்னோரைக் கூலியாக இறக்கியது. அவரே எரிந்த ஊரைச் செங்கல்லால் கட்டச் சொன்னவர். ஒரு கணக்கு அதிகாரி ஏரி கேட்டபோது மறுக்காமல் 173 ஏக்கர் கொடுத்தவர். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

அவர் தன் பெயரைத் துறைமுகத்துக்கும் சாலைக்கும் கொடுத்தார். இரண்டிலும் அது இன்று இல்லை. மனைவியின் பெயரை ஏரிக்குக் கொடுத்தார். அதுவும் இல்லை. அன்று ஒதுக்கிய நிலம் மட்டும் விற்கப்படாமல், கட்டடம் முளைக்காமல், பெரும்பாலும் பசுமையாகவே இருக்கிறது. நகரத்தில் ஒவ்வோர் அடி நிலத்துக்கும் விலை பேசப்படும் இந்தக் காலத்தில், ஒரு பூங்கா 130 ஆண்டுக்கு மேல் பூங்காவாகவே நீடிப்பது தானாக நடப்பதில்லை. அதைப் பயன்படுத்தும் மக்கள் இருக்கும்வரைதான் அது பூங்கா. ஒரு காலத்தில் வேலைக்கு மட்டும் உள்ளே போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று அங்கே பாய் விரித்து இட்லிப் பொட்டலம் பிரிக்கிறார்கள். அடுத்த ஞாயிறு நீங்களும் போய்வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போய், அந்த ஏரிக்கு ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்ததைச் சொல்லுங்கள். புதர் வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.